டி டிரைவில் இருக்கிறார்

என் திரையில் எல்லாம் இருந்தன:
ஐஸ் தொழிற்சாலையின் புதுக் கதவு,
ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகள் மூவர்,
கடலட்டைக் கூட்டத்தில் கைநீட்டிப் பேசும் தலைவர்,
கடைசிப் பக்கத்தில்
முப்பத்தோராம் நாள் நினைவுக்கு யேசுரட்ணம்.

பாசையூர் சங்கத்தின் காலாண்டு மடல்,
இதழ் பதினேழு.
ஏற்றிவிட்டு லைற்றை அணைத்து
சைக்கிள் பூட்டில் திறப்பைப் போடும்போது
போன் வந்தது.

"படம் ஒண்டும் வருகுதில்லை தங்கச்சி.
பெட்டி பெட்டியாக் கிடக்கு.
மூலையில கிழிஞ்ச கடதாசி மாதிரி ஏதோ."
நோர்வேயிலிருந்து டொறின் அக்கா,
யேசுரட்ணத்தின் மூத்தவள்.

"இஞ்ச எல்லாம் வடிவாத் தெரியுதே" என்றேன்.
என்ன பதில் அது.
விருந்துக்கு வந்தவர் வெறும் கோப்பையோடு நிற்க
சமைத்தவள் ஏப்பம் விடுவது போல.

திரும்பக் கதவைத் திறந்தேன்.
நுளம்புத்திரி கொளுத்தினேன்.
பக்கத்தின் வயிற்றைப் பிளந்து பார்த்தால்
ஒவ்வொரு படத்துக்கும் நான் கொடுத்திருந்த முகவரி:
டி டிரைவ், மடல், படங்கள், புதுசு.

அது இந்த மேசைக்குக் கீழே
தூசி பிடித்த பெட்டிக்குள் போகும் ஒரு ஒழுங்கை.
ஒஸ்லோவில் இருப்பவருக்கு
அதன் முடக்கு எப்படித் தெரியும்?
நான் வீட்டுக்குள்ளேயே நின்றதால்
வீடு எனக்குத் தெரிந்தது,
அவ்வளவுதான்.

படங்களைத் தூக்கிச் சேர்வரில் வைத்தேன்.
முகவரிகளின் முன்பாதியை வெட்டினேன்.
பதினொன்றில் ஆறு வந்தன.

மற்ற நாலுக்கும் கமரா வால் வைத்திருந்தது
பெரிய எழுத்தில் ஜேபிஜி.
நான் எழுதியதோ சின்ன எழுத்தில்.
என் கொம்பியூட்டருக்கு இரண்டும் ஒன்று.
சேர்வருக்கு இரண்டும்
வெவ்வேறு தாய் பெற்ற பிள்ளைகள்.
தமிழில் அரிவரி படித்தவள் நான்.
எங்கள் அ எங்கே நின்றாலும் அ.
வசனத்தின் முதலில் நின்றாலும்
நெஞ்சை நிமிர்த்திக் காட்டாது.
இதைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் போனது.
நடுவில் கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியது.
சேமிக்காத திருத்தங்கள் போயின.
அப்போது நான் சொன்னது
மடலில் போடக் கூடியதல்ல.

மிஞ்சியது ஒன்று.
"யேசு அண்ணர் கடைசி" என்று
இரண்டு இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தேன்.
அந்த இடைவெளிகளில் இடறி
அவர் வந்துசேரவில்லை.

அப்போதுதான் கண்டேன்.
அந்த வெறும் கட்டத்துக்குள் ஒரு சொல் நின்றது.
படம் வராவிட்டால் காட்டுவதற்கென்று
அவசரத்தில் நான் தட்டியது.
ஐஸ் தொழிற்சாலைக்குக் "கதவு".
தலைவருக்குக் "கூட்டம்".
இவருக்கு
"ஆள்".

டொறின் அக்கா அதை வாசித்திருப்பா.
சொல்லவில்லை.

பெயரை மாற்றினேன், இடைவெளி இல்லாமல்.
என் திரையில் வந்தார். அங்கே வரவில்லை.
"உங்கட போன் பழசை ஞாபகம் வச்சிருக்கு அக்கா,
அதை அழிச்சுப்போட்டுப் பாருங்கோ" என்றேன்,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.
அங்கே ஏதோ தட்டும் சத்தம்.
"ம். வந்திட்டார்."
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது. மணி பத்தேகால்.
ஆனாலும் அந்தச் சொல்லை அழித்துவிட்டு எழுதினேன்:
யேசுரட்ணம். நீலக்கோட்டுச் சேட்டு,
மேல் பொத்தான் இல்லை. மடியில் வலை.
கமராவைப் பார்க்கவில்லை,
யாரோ கூப்பிட்ட பக்கம் பார்க்கிறார்.

படம் வந்தபின் இதை ஒருவரும் காணப் போவதில்லை.
காணாத இடத்திலும் அவர் "ஆள்" ஆக
இருக்க வேண்டாம்.

பிள்ளைகள் மூவருக்கும் பெயர் எழுதினேன்.
தலைவருக்கு, கை நீட்டியதை.
ஐஸ் தொழிற்சாலைக்கு ஒன்றும் தோன்றவில்லை,
"கதவு" என்றே விட்டுவிட்டு
சைக்கிள்வரை போய்த் திரும்பி வந்து
ஒரு சொல் சேர்த்தேன்:
திறந்தபடி.